பதினைந்தடி மூன்று அங்குலம்

எனக்குப் பின்னால் ஒரு ரயில் வருகிறது.
தண்டவாளத்தில் அல்ல,
லாரியின் முதுகில், தார்ச்சாலையில்,
ஜன்னல்களில் பிளாஸ்டிக் படபடக்க.

என் பிக்கப் வண்டியின் மூக்கில் ஒரு கம்பு.
பதினைந்தடி மூன்று அங்குலம்.
ரயிலின் உயரம் பதினைந்து.
மேலே மிஞ்சும் அந்த மூன்று அங்குலம்தான்
என் தொழில்.
பாலத்தின் அடிவயிற்றைக் கம்பு தொட்டால்
'டிக்' என்று கேட்கும்.
அதைக் கேட்கத்தான் சம்பளம்.
கேட்கக்கூடாதே என்றுதான்
பதினோரு வருடமாக வண்டியை எடுக்கிறேன்.

லாரியில் தியோஃபில் குரூஸ்கா.
வயர்லெஸ்ஸில் எந்நேரமும்
சூரியகாந்தி விதை கொறிக்கும் சத்தம்.
"என்ன தெரிகிறது, வெர்னெல்?"
"வானம்."
நாலு நாளாக எங்களுக்குள் இதுதான் பேச்சு.

நெப்ராஸ்காவில் காற்று தள்ளியது.
அயோவாவில் ஒன்றுமே இல்லை, அது பாட்டுக்கு நீண்டது.
பெட்ரோல் பங்குகளில் ஆட்கள்
காப்பிக் கோப்பையோடு சுற்றிவந்து பார்த்தார்கள்.
ரயில் ஏன் ரயிலில் வரவில்லை என்று
ஊருக்கு ஒருவனாவது கேட்டான்.
"இன்னும் டிக்கெட் எடுக்கவில்லை," என்பான் தியோஃபில்.
நாலு மாநிலத்திலும் அதே பதில்,
அதே சிரிப்பு, அவனுடையது மட்டும்.

கிளீவ்லாந்துக்குள் நுழைய
நள்ளிரவுக்கு மேல்தான் அனுமதி.
ஈரி ஏரிப் பக்கமிருந்து
மழையென்றும் சொல்ல முடியாத, பனியென்றும் சொல்ல முடியாத ஏதோ ஒன்று
கண்ணாடியில் விழுந்துகொண்டிருந்தது.
பணிமனைக்கு இன்னும் ஒன்றரை மைல்.

கடைசிப் பாலம்.
பலகையில் பதினைந்து அடி ஏழு என்று எழுதியிருந்தது.
போன கோடையில் புதுத் தார் போட்டிருக்கிறார்கள்.
சாலை உயர்ந்தது,
பலகை உயரவில்லை.

டிக்.

"நிறுத்து."
விதை கொறிப்பது நின்றது.
"கம்புதானே தொட்டது, ரயில் போய்விடும்," என்றான்.
"போகாது."
"ஒரு விரல்கடை இருக்கும், வெர்னெல்."
"தியோ, நிறுத்து."

தொண்ணூறடி நீளத்தைப் பின்னுக்கு எடுப்பது
ஊசிக்குள்ளிருந்து நூலை உருவுவது போல அல்ல,
ஊசியையே நூலிலிருந்து உருவுவது போல.
முன்னும் பின்னும் போலீஸ் விளக்குகள்.
லாரியின் வால் போய்
பழைய ரயில்பாதை சாலையைக் கடக்கும் இடத்தில்
குறுக்கே நின்றது.

அப்போதுதான் வந்தது அது,
நாலு பத்தின் முதல் வண்டி.
விளிம்பெல்லாம் துரு, ஒற்றை முகப்பு விளக்கு,
இந்தப் புதியதன் வேலையை
நாற்பது சொச்சம் வருடமாகப் பார்த்துவரும் வண்டி.
பிரேக் கிறீச்சிட, நாலு கஜத்தில் நின்றது.
இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன என்று
நான் எழுத மாட்டேன்.
பார்த்தது நாங்கள்.

உள்ளே ஆறேழு பேர்.
ஆஸ்பத்திரிச் சீருடையில் ஒருத்தி
சட்டைக் கையால் ஜன்னலைத் துடைத்தாள்,
நீளமாகப் பார்த்தாள்,
கண்ணாடியை மேலே தள்ளிக் கத்தினாள்:
"இதுதான் புதுசா?
வந்த அன்றைக்கே எங்களை லேட்டாக்குதே!"

ஓட்டுநர் இறங்கி வந்தாள்.
சட்டையில் ஓஸெல்லா என்று தைத்திருந்தது.
பிளாஸ்டிக்கின் ஓரத்தைத் தூக்கி
கதவின் ரப்பரைக் கட்டைவிரலால் அழுத்தினாள்.
"பனியில் ஒழுங்காகச் சாத்துமா?"
"தெரியாது," என்றேன்.
"எனக்கு இதன் உயரம் மட்டும்தான் தெரியும்."
தலையாட்டினாள், அதுவும் ஒரு தகவல்தான் என்பது போல.

வேறு வழியாகச் சுற்றி
ஐந்தரைக்குப் பணிமனை.
சரிவுப் பலகையில் மெல்ல இறக்கினார்கள்.
முதல் சக்கரம் தண்டவாளத்தைத் தொட்டபோது
பெரிய சத்தமெல்லாம் இல்லை.
கரண்டியைத் தட்டில் வைத்தது போல.
யாரோ ஒரு காகிதத்தை நீட்டினார்கள்.
கையெழுத்துப் போட்டேன்.

கம்பை மடக்கிக் கட்டி
தனியாக மேற்கே திரும்பினேன்.
பின்னால் எதுவுமில்லை.
ஆனாலும் ஒவ்வொரு பாலத்துக்கும்
கால் தானாக இறங்குகிறது,
காது நிமிர்கிறது.
பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிக்கிறார்கள்.