பதினாலாம் நம்பர் ஸ்கேனர்

காவேரிப்பட்டணம் சாலையில் மாங்கூழ் ஆலை.
தையில் கிடங்கு காலியாகக் கிடந்தபோது
லேப்டாப்பை ஏந்தியபடி நடந்து அளந்தேன்.
ஆறு வைஃபை பெட்டி போதும் என்று
கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.

ஆனி வந்தது. பெங்களூரா வந்தது.
இருநூற்றுப் பதினைந்து கிலோ பீப்பாய்கள் நாலடுக்காக ஏறி
கூரைக்குக் கீழே ஒரு முழம்தான் மிச்சம்.
பழம் என்பது பெரும்பாலும் தண்ணீர்.
அலையைக் குடித்துவிடும்.

ராத்திரி ஷிப்டிலிருந்து போன்:
"ஏழாவது தூண்கிட்ட சுத்துது சார்.
சுத்திக்கிட்டே இருக்குது."

மாதேஸ்வரிக்குப் பின்னால் நடக்கிறேன்.
அவள் கையில் பதினாலாம் நம்பர்.
வாசல் பெட்டியில் சேர்ந்தபோது மைனஸ் நாற்பத்தைந்து.
மூன்றாம் தூண், ஐம்பத்தெட்டு.
ஐந்தாம் தூண், அறுபத்தேழு.
ஏழாம் தூணில் எழுபத்து நாலு.
எழுபத்தைந்தைத் தொட்டால்தான் வேறிடம் தேடும்.
இன்னும் ஒன்று பாக்கி.
தலைக்கு நேர் மேலே இன்னொரு பெட்டி
பச்சை விளக்கோடு சும்மா இருக்கிறது.
இது ஏறிட்டும் பார்க்கவில்லை.

எப்போது மாறுவதென்று கருவிதான் முடிவெடுக்கும்.
பெட்டி யோசனை சொல்லலாம்,
பக்கத்தில் இன்னார் இருக்கிறார், போய்ப் பார் என்று.
மிஞ்சினால் கழுத்தைப் பிடித்துத் தள்ளலாம்.
தள்ளினால் திரும்ப வந்து
அதே கதவைத் தட்டும்.

"நாங்க என்ன செய்வோம்னா,
இங்க வந்ததும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவோம்.
நாப்பது எண்ணணும்.
அதுக்குள்ள ஃபோர்க்லிஃப்ட்காரரு ஆரன் அடிப்பாரு."
ஒரு ஷிப்டுக்கு எத்தனை தடவை?
"முப்பது இருக்கும். அதையெல்லாம் யாரு எண்றது,
நாப்பத எண்ணவே நேரம் சரியா இருக்குது."

கணக்குப் போட்டேன். இருபது நிமிடம்.
அவளுக்குச் சாப்பாட்டுக்கு விடுவது இருபத்தைந்து.

இன்னும் இரண்டு பெட்டி வாங்கச் சொல்லலாம்
என்றுதான் முதலில் தோன்றியது.
ஏணியில் பாதி ஏறும்போது வெட்கம் வந்தது.
வாசல் பெட்டி கத்துகிறது.
இருபதில் வைத்தது நான்.
அதன் கத்தல் ஏழாம் தூண்வரை கேட்கிறது,
இந்தச் சின்னக் கருவியின் பதில்
பீப்பாய்களைத் தாண்டி வாசலுக்கு எட்டவில்லை.
கேட்கிற வரைக்கும் இருக்கிறார் என்றே நம்பும்.

பன்னிரண்டுக்கு இறக்கினேன்.

மறுபடி நடந்தாள்.
ஐந்தாம் தூணருகில்
ஒரு செருப்பு தரையில், ஒன்று இன்னும் காற்றில்,
என் திரையில் ஒரு வரி விழுந்தது:
மாறியது, நாற்பது மில்லிசெகண்ட்.
ஏழாம் தூணில் பீப். அடுத்த பீப்பாய், பீப்.
அவள் கட்டைவிரல் பழக்கத்தில் பவர் பட்டனுக்குப் போய்
அங்கேயே கொஞ்சம் நின்றது.
"ஆச்சா?" என்றாள்.

மூன்றரை மணிக்கு வரட்டனப்பள்ளி திரும்புகிறேன்.
காட்டு வளைவில் சட்டைப்பை நடுங்கியது:
குப்பம் பக்கத்து டவர்
தெலுங்கில் வரவேற்கிறது.
வீட்டில் கட்டிலில் சாய்ந்தபோதும்,
ஜன்னலில் நம்ம டவர் சிவப்பாகச் சிமிட்டியபோதும்
போன் ஆந்திராவிலேயே இருந்தது.
ஆஃப் பண்ணிவிட்டு
எண்ண ஆரம்பித்தேன்.