விடுபட்ட எண்

ஒன்று முதல் இருபது வரை,
ஒன்று மட்டும் இல்லை. எது?

ஏற்காடு பஸ் அடிவாரம் தாண்டுமுன்
பைத்தானில் ஒரே வரி:
இருநூற்றுப் பத்தில் கூட்டுத்தொகையைக் கழி.
பதினேழு.

சி-யில் பூஜ்யத்தில் தொடங்க மறந்து
முதல் எண்ணை நானே தொலைத்தேன்.
ஜாவா
ஐந்தாம் வளைவு வரை
முன்னுரையே பேசியது.
லூவா ஒன்றிலிருந்துதான் எண்ணுமாம்,
மளிகைச் சிட்டை மாதிரி.

எலுமிச்சையை மோந்தபடி ஜெசிந்தா
ஜன்னலில் எண்ணிக்கொண்டு வந்தாள்:
"பதினொண்ணு... பதிமூணு.
பன்னெண்டு எங்கடி?"

மழையில் பலகை விழுந்திருக்கும்.
டிரைவர் தேடவில்லை.
வளைவு இருந்தது,
ஒடித்தார்.

நாலு மொழியிலும் என் விடை சரி.
புதுப் பெயிண்டோடு
எதிரே வந்தது
பதினேழு.