கதவைச் சாத்தினால்

லியெபாயாவில் மார்ச் மாதம். கடல் இன்னும்
கரையோரப் பனிக்கட்டியை மென்றுகொண்டிருக்கிறது.
ஐந்தாம் மாடியில், என் திரையில்,
ஒரு கை நின்றுபோய்விட்டது.

வெல்டாவின் வலது கை.
தௌகவ்பில்ஸ் மருத்துவமனையில் படுத்திருக்கிறார்,
காது கேளாதவர். அவர் கைகள் பேசுவதைக்
குரலாக்கி மருத்துவரிடம் கொடுப்பது என் பிழைப்பு.
விலாவுக்கருகே இரண்டு விரல் உயர்ந்தன,
அங்கேயே உறைந்தன.
குத்துகிறதா, எரிகிறதா?
மணிக்கட்டு திரும்பும் திசையில்தான் வித்தியாசம்.
திரும்பவில்லை. சின்ன வட்டம் ஒன்று
அவர் நெற்றியில் சுற்றிக்கொண்டேயிருந்தது.
மருத்துவரின் குரல் மட்டும் சுத்தமாகக் கேட்டது:
"என்ன சொல்கிறார்?"

குரல் விட்டுவிட்டு வந்தால்
எப்படியோ ஒப்பேற்றிவிடலாம்.
படம் திக்கினால் மொழியே போச்சு.

அன்றிரவு ஆரம்பித்தேன்.
ரௌட்டரை அணைத்து, முப்பது எண்ணி, மறுபடி போட்டேன்.
தூக்கத்தில் எழுப்பிய பிள்ளைகள்போல்
விளக்குகள் ஒவ்வொன்றாகக் கண் விழித்தன.
வேகம் பார்த்தேன்: முந்நூறு.
முந்நூறா! பிறகென்ன கேடு?
மறுநாள் காலை வேலைக்கு உட்கார்ந்தேன்: நான்கு.

கஸ்பர்ஸின் விளையாட்டுப் பெட்டிதான் என்று
கத்தித் தீர்த்துப் பிளக்கைப் பிடுங்கினேன்.
"காலை பத்து மணிக்கு நான் பள்ளியில் அல்லவா
இருக்கிறேன்" என்றான். இருந்தான்.
மோத்ரிஸ் மீன்தொட்டியைச் சந்தேகித்தான்.
தண்ணீர் அலையைக் குடித்துவிடுமாம்.
"நான் கம்பியில் இருக்கிறேன், காற்றில் இல்லை" என்றாலும்
தொட்டி நகர்ந்தது.
மூன்று நாள் மீன்கள் சாப்பிடவில்லை.

கம்பெனிக்கு அழைத்தால் நாற்பது நிமிடம் பியானோ.
குன்தார்ஸ் என்றொருவர் வந்தார்,
ஓட்டைக் காலுறையோடு முழங்காலிட்டுக்
கருவியைச் செருகினார். முந்நூற்றிரண்டு.
"குறையொன்றும் இல்லை" என்று கையெழுத்து வாங்கினார்.
ஆளில்லாத அறையில் சத்தம் கேட்கிறது என்பவளைப்
பார்ப்பதுபோல் ஒரு பார்வை, இலவசமாக.

நோட்டில் எழுத ஆரம்பித்தேன்.
ஒன்பது பத்து: நான்கு. பன்னிரண்டரை: முந்நூறு.
இரண்டு மணி: ஐந்து. இரவு: முந்நூறு.
நான் வேலை செய்வது அதற்குத் தெரிகிறது.
அப்படித்தான் நினைத்தேன், நிஜமாகவே.

வியாழன் மாலை மோத்ரிஸ் மீன் பொரித்தான்.
புகைக்குப் பயந்து கதவைச் சாத்திவிட்டு
சும்மா ஒரு முறை பார்த்தேன்.
நான்கு.
திறந்தேன். முந்நூறு.
சாத்தினேன். நான்கு.
திறந்து, சாத்தி, திறந்து, சாத்தி நின்றவளைக்
கரண்டியோடு வந்து பார்த்தான்: "என்ன ஆச்சு உனக்கு?"

அடுத்தவர் நோய் வெளியே போகக்கூடாது.
தொழில் விதி அது, கையொப்பமிட்டிருக்கிறேன்.
அதனால் வேலையென்றால் கதவைச் சாத்துவேன்;
சோதிக்கும்போது காப்பாற்ற யாருடைய வலியும் இல்லை,
திறந்தே வைப்பேன்.
கீல் பக்கத்தில், நிலைக்கும் கதவுக்கும் நடுவே,
சாம்பல்நிறக் கேபிள் அப்பளமாய் நசுங்கிக் கிடந்தது.
கத்தியால் கீறினேன். எட்டு இழைகள்.
ஆரஞ்சில் ஒன்று உள்ளே அறுந்திருந்தது:
திறந்தால் தொட்டுக்கொள்ளும்,
சாத்தினால் விட்டுவிடும்.

பன்னிரண்டு யூரோவுக்குப் புதுக் கேபிள்.
மோத்ரிஸ் சுவரைத் துளைத்தான்; கான்கிரீட் தூள்
பொரித்த மீன்மேலும் விழுந்தது.

திங்கட்கிழமை வெல்டா திரையில் வந்தார்.
வலியைச் சொல்லுமுன் என்னைத்தான் சொன்னார்:
"அன்று வாயைப் பிளந்தபடி தூங்கிவிட்டாயே!"
அவர் பக்கத்தில் உறைந்தது நான்.
அது எனக்குத் தோன்றவேயில்லை.

பிறகு கை விலாவுக்குப் போனது.
இரண்டு விரல். மணிக்கட்டு திரும்பியது.

"எரிகிறது" என்றேன் மருத்துவரிடம்,
சாத்திய கதவுக்குள்.