வெறுங்கலத்தின் கணக்கு

இருபது கெல்வினில் ஹைட்ரஜன்
தண்ணீர் போலத்தான் நிற்கும்,
தண்ணீரைவிடப் பதினாலு மடங்கு லேசாய்.
அதற்கு ஒரு கலம் கேட்டிருக்கிறார்கள்,
கடல் தாண்டி, இலத்திரன் கற்றை ஓடும் ஊரிலிருந்து.
என் பெருவிரல் பருமன்.
முகப்புத் தகடு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு.
இன்னும் மெலிசாக்க முடியுமா?
ஒவ்வொரு மின்னஞ்சலிலும் இதே வரி.

சுவர் இருக்க வேண்டும்.
கற்றைக்கு அது தெரியக் கூடாது.

கந்தப்பளையில், ஏழாம் நம்பர் காம்பராவில்
கம்பளியைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு
அந்தச் சுவரை வரைகிறேன்.
எட்டாம் நம்பரில் ஞானப்பிரகாசம் அண்ணன் இருமுகிறார்.
மகள் சுடுதண்ணி வேணுமா என்கிறாள்.
வேண்டாமாம்.
நடுவில் ஒரு கல் மொத்தம்,
ஒன்றையும் தடுத்ததில்லை.

அலுமினியம் குளிரில் ஒடுங்கும்,
மீற்றருக்கு நாலு மில்லிமீற்றர்.
ஆகவே கொஞ்சம் கோணலாகவே தொங்கவிடுகிறேன்,
குளிர்ந்தபின் நேராகும் என்று.
இந்த நம்பிக்கைக்கு மூன்று பக்கக் கணக்கு உண்டு.
மூன்றாம் பக்கத்தில் ஒரு பிழையும் இருந்தது,
போன செவ்வாய் வரை.

கற்றை ஒரே இடத்தில் விழுந்தால் கொதித்துவிடும்.
நாலு குமிழ் போதும், எண்ணியதெல்லாம் பொய்.
மருந்தடிக்கிறவன் குழாயை ஆட்டிக்கொண்டே
செடிக்குச் செடி நகர்வதுபோல
கற்றையையும் ஆட்டவேண்டும்.
இதை எழுதி அனுப்பினேன்.
மருந்தடிப்பதை மட்டும் நீக்கிவிட்டு.

தைமாதம் பதினோராம் மலையில் கொழுந்து கருகிக் கிடந்தது.
பனி சுட்டதாம்.
பூச்சியத்துக்குக் கீழே ஒரு பாகைகூட இறங்கவில்லை.
என் படத்தில் அதற்கும் கீழே
இருநூற்றைம்பது பாகை இருக்கிறது என்றேன்.
யோகராணி அக்கா கொழுந்துக் கூடையை இறக்காமலே கேட்டாள்,
"அங்க யாரு கொழுந்து எடுக்கிறது?"

கலம் போய்ச் சேர்ந்ததும் அவர்கள் செய்யப்போவது இது.
நிரப்பி ஒருமுறை கற்றையை விடுவார்கள்.
பிறகு காலியாக்கி, அதே கற்றையை மறுபடியும்.
வெறும் சுவரில் பட்டுச் சிதறியதை எண்ணி
மொத்தத்திலிருந்து கழிப்பார்கள்.
மிஞ்சுவது ஹைட்ரஜன்.
கழிபடுவது நான் செய்தது.

நேற்று எட்டாம் நம்பரைப் பூட்டிக்கொண்டு
நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.
இன்றிரவு முதல்தரமாகக் கேட்கிறது,
சுவர் தானாகப் போடும் சத்தம்.
தகரம் விறைத்து முறுகுவது,
எங்கோ காரை உதிர்வது,
அதற்குப்பின் வெகுநேரம் எதுவுமில்லை.

விளக்கை அணைக்காமல் எண்ணிக்கொண்டிருக்கிறேன்,
அவர் திரும்பி வந்து இருமும்போது
கழிப்பதற்கு.