வாள் தீட்டும் நாள்

முதலாண்டில்
கோள முக்கோணவியலில் இரண்டு முறை தோற்றேன்.
இரவில் ரொட்டிக்கடை வேலை.
மாவுக் கையோடு வெளியே வந்தால்
துர்க்கு நகரத்தின் மேல் மேகம்.
எப்போதும் மேகம்.

முதுகலையில் வானம் கோப்பாக வந்தது.
கேனரித் தீவில் தொலைநோக்கி விழித்திருக்க
இங்கே கம்பளிக் காலுறையோடு
பிழைக்கோடுகளை எண்ணினேன்.
முடி வெட்டும் கெர்ட்டு கேட்டாள்:
"மகரத்துக்கு இந்த வருடம் எப்படி?"

முனைவர் பட்டத்துக்கு ஒரே ஒரு விண்மீன்.
மூன்றாம் ஆண்டு அது மங்கியது.
கோள்தான் என்று
ஒரு வாரம் தூங்கவில்லை.
"வடிகட்டிக் கண்ணாடியில் தூசி" என்றான் ஓஸ்மோ,
காபியைக் கலக்கியபடியே.
அந்தத் தூசிக்கு என் ஆய்வேட்டில்
பதினோரு பக்கம்.

முனைவர் என்றால் இங்கே
தொப்பியும் வாளும் உண்டு.
சாணைக்கல்லில் ஓஸ்மோ ஒயின் ஊற்ற
நான் தீட்டினேன்.
எதை வெட்ட என்று யாரும் சொல்லவில்லை.

இரவு பதினொன்று. ஜூன்.
ஆற்றின் மேல் வெளிச்சம் இன்னும் வடியவில்லை.
ஆகஸ்ட் வரை
விண்மீன் என்று சொல்லிக்கொள்ள
இங்கே பெரிதாக ஒன்றுமில்லை.
வாளை உறையிலிட்டு
மிதிவண்டியில் கட்டிக் கிளம்பினேன்.
ஈரம் போகத் துடைத்தேனா என்று
பாதி வழியில்தான் நினைவு வந்தது.