இணைப்பில் இருங்கள்

டொக்டர் றிஸ்வியா
கடதாசியை என் பக்கம் திருப்பி வைத்தா.
இரண்டு சின்னப் பெட்டி.
ஒன்றில் முழு மயக்கம்.
மற்றதில் தொடைச்சந்தில் மட்டும் விறைப்பு,
கொஞ்சம் தூக்கம் கலந்த விழிப்பு.
"கொழும்பில கேப்பினம் அன்ரி. யோசிச்சு வையுங்கோ."

ஜன்னலுக்கு வெளியே ஒரு மான்
ஆஸ்பத்திரிக் குப்பைத்தொட்டியில்
லன்ச் சீற் தின்றுகொண்டு நின்றது.
அதை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

வால்வு, மாட்டின் நெஞ்சுப்பை தோலில் செய்ததாம்.
வெள்ளிக்கிழமை மச்சம் தொடாத எனக்கு
முன்கூட்டியே சொல்லவேண்டிய சேதிதான்.
சொன்னா. சிரித்தோம்.
பிறகு சிரிக்காமல் சொன்னது:
குழாய் தொடையால் ஏறி வரும்.
வால்வை விரிக்கிற நேரம்
இதயத்தை வேண்டுமென்றே பதறவைப்பார்கள்,
இரத்தம் தள்ளாமல் அது சும்மா துடிக்க,
பத்து, பதினைந்து விநாடி.

"முழிச்சிருந்தா தெரியுமோ?"
"லிஃப்ற் அறுந்த மாதிரி எண்டு ஒருத்தர் சொன்னவர்.
ஒண்டும் தெரியேல்லை எண்டவையும் இருக்கினம்."

திருமலையில் மொத்தம் எத்தனை லிஃப்ற் என்று எண்ணியபடி
டச்சுக்குடா வரை நடந்தேன்,
மூன்று இடத்தில் நின்று, மூச்சு வாங்கி.

இவர் முழு மயக்கம் என்கிறார்.
"கண்ணை மூடு. திறக்கேக்க எல்லாம் முடிஞ்சிருக்கும்."
பல்லுப் பிடுங்கப் போனாலே கண்ணை மூடுகிற மனிசன்.

அவருக்கு மறந்திருக்கும்.
எழுபத்தெட்டில், இதே ஆஸ்பத்திரியில்
நான் கண்ணை மூடினேன்.
திறக்க எல்லாம் முடிந்திருந்தது.
பெட்டையாம்.
மூன்றே கால் றாத்தலாம்.
அழுதவளாம், கொஞ்ச நேரம்.
எல்லாம் "ஆம்".
நான் இல்லாத ஒரு மத்தியானத்தில்
ஒரு ஆள் வந்து போயிருக்கிறாள்.

முப்பத்தொரு வருசம் துறைமுகத்தில் சுவிச்போர்ட்.
கப்பல் முகவர், சுங்கம், மாவு ஆலை,
இரவில் குடிவெறியில் அழைக்கிற மாலுமி.
குரலும் குரலும் சேருமட்டும்
காதில் கொளுவியபடி இருப்பேன்.
சேர்ந்த பிறகும் ஒரு மூச்சளவு விடமாட்டேன்.
கரகரத்தால் அந்தப் பக்கம் யாரோ உண்டு.
சத்தமே இல்லையென்றால்தான்
கம்பி எங்கேயோ அறுந்திருக்கும்.

வியாழக்கிழமை திரும்பப் போனேன்.
விறைப்புப் பெட்டியில் சரி போட்டேன்.
பேனை மை கக்கி, பெட்டி பாதி மூடிவிட்டது.
"இடையில சிக்கல் வந்தா முழுசா மயக்கத்தான் வேணும் அன்ரி,
அதுக்கும் சேர்த்துத்தான் இந்தக் கையெழுத்து" என்றா றிஸ்வியா.
தெரியும். எந்த லைனுக்கும் அப்படித்தான்.

அதனால் ஓரத்தில், இடம் இருந்த மட்டும், எழுதினேன்:
அந்தப் பத்து விநாடியும்
யாராவது என்னோடு கதைக்கவேண்டும்.
எந்தப் பாஷையென்றாலும்.
பாரைமீன் விலையென்றாலும்.
மயக்குவதென்றால்
மயக்கப்போகிறோம் என்று சொல்லிவிட்டு.

றிஸ்வியா இரண்டு தரம் வாசித்தா.
கீழே தானும் ஒரு சின்னக் கையெழுத்து வைத்தா,
அங்கே வைக்கத் தேவையில்லாத ஒன்று.