ஏழாவது முகவரி

கிளிநொச்சிக் கூட்டுறவுச் சங்கம், மேல்மாடி.
முகாமையாளர் யோகநாயகி கேட்டது ஒன்றுதான்:
“எதைத் தொடமாட்டாய்?”

எழுதினேன். ஆறு முகவரிகள்.
இரவு பத்திலிருந்து நாலு மணிவரை.
நெல்லுக்காசு போடும் நாட்களில் இல்லை.
கடவுச்சொல் கேட்டு ஒருவரையும் ஏமாற்றுவதில்லை,
காசாளர் பெடியன் புதுசு, பயந்துபோவான்.
ஏதும் விழுந்தால்
எந்தச் சாமத்திலும் அவவின் கைபேசி.

ஒப்பமிட்டு மடித்துத் தந்தா.
அப்பா அந்நாளில் பாஸை வைத்ததுபோல
சட்டைப்பைக்குள் வைத்தேன்.

மூன்றாம் இரவு, ஒன்றரை.
ஏழாவது ஒன்று திறந்து கிடந்தது.
பக்கத்து ஆஸ்பத்திரியின் சேர்வர்.
ஒரு விசை போதும்.

முகமாலையில் கண்ணி அகற்றிய என் அக்கா
சிவப்புத் தடிக்கு அங்கால்
செருப்பு விழுந்தாலும் எட்டி எடுக்கமாட்டாள்.

அழைத்தேன். நித்திரைக் குரல்:
“உள்ளுக்குப் போனியோ?”

“இல்லை. வாசலிலதான் நிக்கிறன்.”